ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு விண்டோஸ் டிஃபெண்டர் போதுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போதும். எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்த நீளம். ஆன்டிவைரஸ் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் வாங்குவதற்கு லிங்க் கொடுத்துக் கமிஷன் பார்க்கிறார்கள், எது எதிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் இரண்டு தரப்பிலும் பதில் கிடைக்காது. நான் நடத்துவது கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை. புராஜெக்ட் சீசனில் காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு வரை யார் யாருடைய பென்டிரைவோ எங்கள் கணினியில்தான் செருகப்படும். அதனால் இந்த மென்பொருளை நான் தனியாக உட்கார்ந்து சோதிக்க வேண்டியதே இல்லை, கவுன்டருக்கே தேடி வந்து சோதித்துவிட்டுப் போகிறார்கள்.

பொருள் எது என்பதில் குழப்பம் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் இலவச ஆன்டிவைரஸின் இன்றைய பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ், நம் ஆட்கள் வாயில் இன்னும் விண்டோஸ் டிஃபெண்டர்தான். இதே டிஃபெண்டர் பெயரில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுகிறவர்களுக்கு 2022இல் வேறொரு ஆப்பும் வந்தது, நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. இலவச டிஃபெண்டருக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. விஸ்டாவில் வந்தபோது அது நம்மை உளவு பார்க்கும் ஸ்பைவேரை மட்டும்தான் பார்த்தது, வைரஸைக் கண்டுகொள்ளவே செய்யாது. 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக ஒரு இலவச ஆன்டிவைரஸ் கொடுத்தார்கள், அப்புறம் 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த வேலையை டிஃபெண்டருக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். "டிஃபெண்டர் சும்மா பேருக்கு இருக்கு" என்று இன்றைக்கும் சொல்கிற சர்வீஸ்காரர்கள் விஸ்டா காலத்தைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு இடம். எதையாவது பிடித்தவுடன் திரையின் வலது மூலையில் ஒரு அறிவிப்பு வரும், அதைத் தட்டினால் புரொடெக்ஷன் ஹிஸ்டரி திறக்கும், அங்கே பிடிபட்டதன் முழுப்பெயர் இருக்கும். அந்தப் பெயரின் முதல் சொல்லைப் படியுங்கள். முதலில் வகை, ஒரு முக்காற்புள்ளி, அடுத்து எதில் ஓடுகிறது, ஒரு சாய்கோடு, கடைசியில் குடும்பப் பெயர். வைரஸ், வின்32, சாலிட்டி என்று இருக்கலாம்; வோர்ம், வின்32, கான்ஃபிக்கர் என்று இருக்கலாம். ட்ரோஜன் என்று வந்தால் அது தானாகப் பரவாது, ஏதோ நல்ல மென்பொருள் போல வேஷம் போட்டு வந்ததை நாமே இன்ஸ்டால் செய்திருப்போம். 1991இல் ஆன்டிவைரஸ் ஆராய்ச்சியாளர்கள் கூடி வகுத்த காரோ முறையைத்தான் மைக்ரோசாஃப்ட் இந்தப் பெயர்களுக்கு வைத்திருக்கிறது. முதல் சொல் வைரஸா வோர்மா என்பதைப் பொறுத்து நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையே வேறு, ஆனால் டிஃபெண்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு நீலப் பட்டனைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வைரஸ் தனியாக நிற்காது. மரத்தில் புல்லுருவி ஏறுவது மாதிரி ஏற்கனவே இருக்கும் ஒரு ஃபைலுக்குள், பெரும்பாலும் ஒரு இஎக்ஸ்இ ஃபைலுக்குள், தன் நிரலை நுழைத்துக்கொள்ளும். அந்த ஃபைலை யாராவது ஓட்டினால்தான் அதற்கும் உயிர், உயிர் வந்ததும் பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபைல்களிலும் ஏறும். 1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெயின், ஃபிளாப்பியின் பூட் செக்டரில், அதாவது கணினி எழும்போது முதலில் படிக்கும் பகுதியில், ஏறியது. அதற்குள் தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் வேறு எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவு வெள்ளந்தியான காலம். 2003 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் சாலிட்டி அப்படி இல்லை. இஎக்ஸ்இ, எஸ்சிஆர் ஃபைல்களில் ஏறும், ஒவ்வொரு முறை ஏறும்போதும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும், டாஸ்க் மேனேஜரையும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் திறக்கவிடாது, ஆன்டிவைரஸையே கழுத்தைப் பிடிக்கும்.

சாலிட்டி மாதிரி ஒன்று பிடிபட்டால் ரிமூவ் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போக முடியாது, ஏனென்றால் அது குடியிருப்பது உங்கள் சொந்த மென்பொருளுக்குள். டிஃபெண்டர் ஃபைலைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கப் பார்க்கும், சில நேரம் சுத்தமான ஃபைல் ஓடாது. இங்கேதான் நம் ஊர்க் கடைகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லாக் கடையிலும் டி டிரைவில் சாஃப்ட்வேர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பிரிண்டர் டிரைவர், பேஜ்மேக்கர் செட்டப், பாமினி ஃபான்ட், எவரோ கொடுத்த பழைய வின்ரார், எல்லாம் அதில்தான். சர்வீஸ்காரர் வந்து சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டு, டி டிரைவில் இருந்த செட்டப்பை டபுள் கிளிக் செய்வார். உள்ளே இருந்தது மறுபடி வெளியே வந்துவிடும். "ஃபார்மட் பண்ணியும் வைரஸ் போகலை" என்று புலம்புகிற கதைகளில் பாதி இந்த ஃபோல்டரில்தான் ஆரம்பிக்கிறது. டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழுந்திருக்கும் முன்பே தேடும், ஏறக்குறைய கால் மணி நேரம் எடுக்கும். வைரஸ் விழித்துக்கொள்ளாத நேரத்தில் தேடுவதால் அது ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. அதை ஓட்டிவிட்டு, டி டிரைவையும் தனியாக ஸ்கேன் செய்து, செட்டப்புகளை அந்தந்தக் கம்பெனித் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொண்டால்தான் கதை முடியும். பேக்கப் எடுக்கும்போது டாக்குமென்டுகளை மட்டும் எடுங்கள், இஎக்ஸ்இக்களைச் சுமந்துகொண்டு திரியாதீர்கள்.

கிராக் மென்பொருள் பற்றி நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று எந்த வழிகாட்டிக் குறிப்பின் முதல் வரி இருக்கிறதோ, அதை எழுதியவன் உங்கள் நன்மைக்காக எழுதவில்லை, அவ்வளவுதான். டிஃபெண்டரில் டாம்பர் புரொடெக்ஷன் என்ற ஒன்று 2019இல் வந்தது, வேறு மென்பொருள் எதுவும் டிஃபெண்டரைத் தானாக அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாமே உள்ளே போய் எக்ஸ்குளூஷனில், அதாவது ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றின் பட்டியலில், டி டிரைவ் முழுவதையும் சேர்த்தால் அது என்ன செய்யும் பாவம்.

சரி, பென்டிரைவுக்கு வருவோம். கடைக்கு வரும் பிள்ளைகள் சொல்கிற வசனம் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, ஃபைல் எல்லாம் போயிடுச்சுண்ணே, வெறும் ஷார்ட்கட்டா இருக்கு." திறந்து பார்த்தால் எல்லா ஃபோல்டரும் பெயர் மாறாமல் இருக்கும், ஐகானின் கீழ் மூலையில் மட்டும் ஒரு குட்டி அம்புக்குறி. புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வோர்ம் என்று இருக்கும், ஜென்க்ஸ்கஸ், கமாரு மாதிரி குடும்பங்கள். வோர்ம் என்றால் வேறு ஃபைலில் ஒட்டிக்கொள்ளாமல் தனியாகவே பிரதி போட்டுப் பரவுவது, அதனால் இது எந்த ஃபைலுக்குள்ளும் ஏறவில்லை. உங்கள் உண்மையான ஃபோல்டர்களுக்கு ஹிட்டன், சிஸ்டம் என்று முத்திரை குத்தி மறைத்துவிட்டு, அதே பெயரில் ஃபோல்டர் ஐகான் போட்ட ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே பின்னால் ஒரு ஸ்கிரிப்ட்டும் ஓடும், ஓடியதும் கணினியில் ஒரு பிரதி போட்டுக்கொண்டு அடுத்து எந்தப் பென்டிரைவ் வருகிறது என்று காத்திருக்கும்.

டிஃபெண்டர் இந்த ஷார்ட்கட்டுகளையும் ஸ்கிரிப்ட்டையும் நன்றாகவே தூக்குகிறது. ஆனால் தூக்கிய பிறகு மறைந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவராது. அதனால் பென்டிரைவ் காலியாகத் தெரியும், "உங்க ஆன்டிவைரஸ் என் புராஜெக்ட்டை அழிச்சிடுச்சு" என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். பதறி ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அதற்குக் கீழே பாதுகாக்கப்பட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை என்று இருக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் மங்கலான ஐகானோடு எல்லாம் அப்படியே வந்து நிற்கும். இன்னொரு குறை, பென்டிரைவைச் செருகியவுடன் டிஃபெண்டர் தானாக முழு ஸ்கேன் ஓட்டாது, ஃபுல் ஸ்கேன் கொடுத்தாலும் இயல்பான அமைப்பில் பென்டிரைவை விட்டுவிடும். ஃபைலைத் திறக்கும்போது பிடித்துவிடும்தான், ஆனாலும் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்துவிட்டுத் திறப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. எங்கள் கடையில் இப்போது முடிந்தவரை மெயிலில் அனுப்பச் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் செருகினாலே போதும் என்ற நிலை இருந்தது. 2008இல் வந்த கான்ஃபிக்கர், செருகியவுடன் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன் வழியாகவும் பரவியது, விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தினார்கள், 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட்டில் அதையே அனுப்பினார்கள். அந்தக் கதவு மூடிய பிறகுதான் நம்மைக் கிளிக் செய்ய வைக்கும் இந்த ஷார்ட்கட் வித்தை தலையெடுத்தது.

இது வரை சொன்னது டிஃபெண்டர் தேறும் பகுதி. தேறாத பகுதி, அசல் வோர்ம், அதாவது நெட்வொர்க் வழியாக வருவது. அதற்கு ஃபைலும் வேண்டாம், பென்டிரைவும் வேண்டாம், நீங்கள் கிளிக் செய்யவும் வேண்டாம். கணினி ஆன் ஆகி நெட்வொர்க்கில் இருந்தால் போதும், விண்டோஸில் இருக்கும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துத் தானாக உள்ளே வந்து, அங்கிருந்து தானாக அடுத்த கணினியைத் தேடும். 1988 நவம்பரில் கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் விட்ட வோர்ம் இப்படித்தான் அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான யூனிக்ஸ் கணினிகளை முடக்கியது. 2003 ஜனவரி 25 அன்று வந்த ஸ்லாமரைப் பாருங்கள். மொத்தமே 376 பைட், நெட்வொர்க்கில் போகும் ஒரே ஒரு தகவல் பொட்டலத்தில் (யூடிபி பாக்கெட்) அடங்கிவிடும். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, பத்தே நிமிடத்தில் ஓட்டை இருந்த கணினிகளில் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. அது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலைக்கூட எழுதவில்லை, மெமரியிலேயே வாழ்ந்தது. ஃபைல்களைத் தேடும் ஆன்டிவைரஸ் எதைப் போய்த் தேடும்? அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே கொடுத்திருந்தது.

அதே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. அப்போது பிரவுசிங் சென்டரில் இருந்தவர்களுக்கு மறக்காது, எக்ஸ்பி கணினி நெட்டில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் 60 விநாடியில் ஷட்டவுன் என்று ஒரு பெட்டி வந்து எண்ண ஆரம்பிக்கும், ரன்னில் போய் ஷட்டவுன் மைனஸ் ஏ என்று அடித்து நிறுத்த வேண்டும், கஸ்டமர் நேரத்துக்குக் காசு தர மாட்டேன் என்பார். அதற்கும் பேட்ச் ஒரு மாதம் முன்பே வந்திருந்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை வந்தபோதும் இதே கதை, பேட்ச் மார்ச் 14 அன்றே வந்தாயிற்று. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டி வந்தது, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் 300 டாலர் பிட்காயின் கேட்டு ஒரு சிவப்புத் திரை. டிஃபெண்டர் அன்றைக்கே அதைக் கண்டறியும் அப்டேட்டை அனுப்பியது, உண்மைதான். ஆனால் அப்டேட் வந்து சேர்வதற்குள் போனது போனதுதான், மார்ச்சிலேயே பேட்ச் போட்டவர்களுக்கு அந்தப் பந்தயமே இல்லை.

வானாக்ரை உள்ளே வந்த வழி எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறை. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கவும். 2017 இறுதிக்குப் பிறகு புதிதாகப் போடும் விண்டோஸில் எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. ஆனால் பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில், ஸ்கேன் செய்ததைக் கணினியின் ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி எஸ்எம்பி 1 இருந்தால்தான் வேலை செய்யும். மெஷின் கம்பெனி ஆள் வருவார், ஸ்கேன் வரவில்லை என்போம், அவர் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் திறந்து அந்த டிக்கைப் போட்டு, ஃபயர்வாலையும் ஆஃப் செய்து, ஷேர் ஃபோல்டருக்கு எவ்ரிஒன் என்று அனுமதியும் கொடுத்து, "இப்ப வருது பாருங்க சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆன்டிவைரஸ் ஐகானில் பச்சை டிக் அப்படியே இருக்கும். பேட்ச் போட்ட கணினியில் வானாக்ரை நுழையாது என்றாலும், அடுத்த ஓட்டை எங்கே என்று எவன் கண்டான். ஸ்கேனை மெஷினில் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டிலோ, மெயிலிலோ, எஃப்டிபியிலோ எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள், பல மெஷின்களில் முடியும்.

ஃபயர்வால் பற்றி எழுதினால் யாரும் படிப்பதில்லை, ஆனாலும் வோர்மைப் பொறுத்தவரை டிஃபெண்டரைவிட அதுதான் எனக்குப் பெரிய ஆள். பிளாஸ்டருக்கு அடுத்த வருடம், 2004 ஆகஸ்டில், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் விண்டோஸ் ஃபயர்வால் எல்லோருக்கும் ஆன் ஆகவே வர ஆரம்பித்தது. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை அது வாசலிலேயே நிறுத்திவிடும். வைஃபையில் சேரும்போது பப்ளிக், பிரைவேட் என்று கேட்குமே, லாட்ஜ், கல்லூரி, ரயில்வே ஸ்டேஷன் எங்கே போனாலும் பப்ளிக் கொடுங்கள். கடைக்குள் ஷேரிங் வேண்டுமென்றால் மட்டும் பிரைவேட், வைஃபை பாஸ்வேர்டைக் கஸ்டமருக்குக் கொடுக்கிற கடையாக இருந்தால் அவர்களுக்கு ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போட்டுவிடுங்கள்.

டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று பார்க்க அசல் வைரஸைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐகார் என்ற அமைப்பு 68 எழுத்தில் ஒரு சோதனை வரி வைத்திருக்கிறது, கெடுதல் எதுவும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்தால் குரைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோட்பேடில் ஒட்டி சேவ் கொடுத்தவுடன் டிஃபெண்டர் ஃபைலைப் பிடுங்கிக்கொள்ளும். கடைக்குப் புதுப் பையன் வேலைக்கு வந்தால் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன், அறிவிப்பு எங்கே வரும், பெயரை எங்கே படிக்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

குறைகளில் முக்கியமானது, நெட் இல்லாவிட்டால் இதன் கூர்மை குறையும். நிறையக் கண்டுபிடிப்பை மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடைக் கேட்டுத்தான் செய்கிறது, ஏவி கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனை நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இதன் ஆஃப்லைன் மதிப்பெண் ஆன்லைனைவிடக் குறைவாகவே இருக்கிறது. வானாக்ரை மாதிரி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் நல்ல வசதி, ஆனால் ஆஃப் ஆகவே வருகிறது, ஆன் செய்தாலும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி வழக்கமான ஃபோல்டர்களைத்தான் காக்கும், டி டிரைவில் இருக்கும் கஸ்டமர் வேலையை நாமே சேர்க்க வேண்டும். பழைய டிடிபி மென்பொருள் சேவ் ஆகாமல் மல்லுக்கட்டலாம், அதை அனுமதிப் பட்டியலில் ஏற்ற வேண்டியிருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் நானும் முன்பு வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். பிடிப்பதில் குறையில்லை, ஆனால் லைசென்ஸ் முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே திரை முழுக்க ரினியூ ரினியூ என்று நச்சரிப்பு, கஸ்டமர் முன்னால் மானம் போகும். அப்படி ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், இரண்டையும் சேர்த்து ஓட்ட முயல வேண்டாம். பென்டிரைவை யார் செருகலாம் என்று கட்டுப்படுத்த வேண்டுமென்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் யூஎஸ்பி பிரதிரோத் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, பள்ளி, அலுவலகங்களுக்குப் பயன்படும். எங்கள் மாதிரி யாருடைய பென்டிரைவையும் வாங்கிச் செருகித்தான் ஆக வேண்டும் என்ற கடைக்கு ஒத்துவராது.

மார்க் போடச் சொன்னால் வைரஸ், ட்ரோஜன், பென்டிரைவ் வோர்மைப் பிடிப்பதற்கு ஐந்துக்கு நான்கரை, இலவசம் என்பதையும் சேர்த்துத்தான். நெட்வொர்க் வோர்முக்கு நான் மார்க்கே போட மாட்டேன், அந்த மார்க் விண்டோஸ் அப்டேட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் போக வேண்டியது.

இப்போது செகண்ட்ஹேண்டில் கணினி வாங்குகிறவர்களுக்கு இந்தப் பேட்ச் விஷயம் ஒரு தொந்தரவாக வந்து நிற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருடம் பேட்ச் தருகிறார்கள். ஆனால் டிஃபெண்டருக்கான அப்டேட் குறைந்தது 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதாவது பேட்ச் நின்றுபோன கணினியிலும் டிஃபெண்டர் தினமும் புதுசாகி எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும், விற்கிறவரும் அதைக் காட்டியே விற்பார். நான்காம் தலைமுறை ஐ3 கிடைக்கிறது, மலிவு என்று சொன்னால் அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். எங்களிடமும் அப்படிப் பழைய மெஷின் ஒன்று பேஜ்மேக்கருக்காகவே இருக்கிறது. அதற்கு லேன் வயரும் இல்லை, வைஃபையும் இல்லை, பிரிண்டர் நேராக யூஎஸ்பியில், கடையின் சொந்தப் பென்டிரைவ் தவிர வேறு எதுவும் அதில் ஏறாது, டிஃபெண்டருக்கான அப்டேட்டை மட்டும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனி ஃபைலாக இறக்கி அவ்வப்போது கையால் போட்டுக்கொள்கிறோம்.